கண்டுபிடித்தவர் ஆசிரியரா, மாணவரா?

கல்லூரியில் இறுதியாண்டு பயிலும் மாணவரா நீங்கள்? அல்லது முதுகலைப் படிப்பை முடித்துவிட்டு ஆய்வு மாணவராகச் சேர்ந்திருப்பவரா? அப்படியானால் உங்களுக்கென்று ஒரு வழிகாட்டி இருப்பார். எதை ஆராய வேண்டும் என்று அவர் சொல்லியிருப்பார். எப்படி ஆராய வேண்டும் என்பதையும் ஓரளவு காட்டியிருப்பார். ஆய்வுக்கூடத்தில் நாள்தோறும் நின்று, குழாய்களைக் கழுவி, அளந்து, குறித்து, மீண்டும் மீண்டும் செய்து பார்ப்பவர் நீங்கள். நாளை அந்த ஆய்வில் அரியதொரு முடிவு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கண்டுபிடித்தவர் யார்? கேள்வியைக் கொடுத்தவரா, விடையைக் கண்டவரா?

எளிய கேள்விதானே என்று தோன்றும். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய மருத்துவக் கண்டுபிடிப்புகளுள் ஒன்றில் இக்கேள்வி நீதிமன்றம் வரை சென்றது. அதன் பிறகும் அது ஓயவில்லை. கோடிக்கணக்கான மக்களை வாட்டிய காசநோய்க்கு முதன்முதலாகக் கிடைத்த ஆற்றல்மிக்க மருந்தாகிய ஸ்ட்ரெப்டோமைசினின் கதை அது. ஆய்வு செய்யப் புகும் மாணவர் ஒவ்வொருவரும் அதைத் தெரிந்துகொள்வது நல்லது. வழிகாட்டிகளாக இருக்கும் ஆசிரியர்களுக்கும் அதில் பாடம் உண்டு.

மண்ணை ஆராய்ந்த பேராசிரியர்

செல்மன் வாக்ஸ்மன் 1888ஆம் ஆண்டு அன்றைய ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த உக்ரைன் பகுதியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1910இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். நியூஜெர்சி மாநிலத்திலுள்ள ரட்கர்ஸ் கல்லூரியில் வேளாண்மை பயின்றார். அங்கே அவருடைய உள்ளத்தைக் கவர்ந்தது மண். பயிர் விளையும் மண்ணைவிட, அந்த மண்ணுக்குள் வாழும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களே அவரை மிகுதியும் ஈர்த்தன.

ஒரு சிட்டிகைத் தோட்ட மண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றுள் ஆக்டினோமைசீட் என்பது ஒரு பிரிவு. இவை பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தவையாயினும் பூஞ்சைகளைப் போல மெல்லிய இழைகளாக வளர்பவை. கோடையில் முதல் மழை பெய்ததும் மண்ணிலிருந்து ஓர் இனிய மணம் எழுகிறதல்லவா? அந்த மண்வாசனைக்குப் பெரிதும் காரணம் இவையே. மாணவராக இருந்தபோதே வாக்ஸ்மன் இவற்றைப் பிரித்து வகைப்படுத்தத் தொடங்கிவிட்டார். 1916இல் அவரும் அவருடைய நண்பர் கர்ட்டிஸும் வெளியிட்ட கட்டுரையில் விவரிக்கப்பட்ட இனங்களுள் ஒன்றின் பெயர் ஆக்டினோமைசிஸ் கிரிசியஸ். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

காலப்போக்கில் வாக்ஸ்மன் அதே ரட்கர்ஸில் பேராசிரியரானார். உலகம் அறிந்த மண்நுண்ணுயிர் அறிஞரும் ஆனார். அவரிடம் பயின்ற மாணவர்களுள் ரெனே டூபாஸ் என்பவரும் ஒருவர். அவர் 1927இல் டாக்டர் பட்டம் பெற்று நியூயார்க் நகரின் ராக்பெல்லர் நிலையத்தில் பணியில் அமர்ந்தார். 1939இல் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து, வேறு சில நோய்க்கிருமிகளைக் கொல்லக்கூடிய ஒரு பொருளைப் பிரித்தெடுத்துக் காட்டினார்.

மாணவரின் வெற்றி ஆசிரியரின் பாதையை மாற்றியது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் ஒன்றையொன்று அழிக்க வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன என்றால், அவற்றையே மனிதனைத் தாக்கும் கிருமிகளுக்கு எதிராகத் திருப்பலாம் அல்லவா? வாக்ஸ்மன் தம் ஆய்வுக்கூடம் முழுவதையும் இந்தத் தேடலில் ஈடுபடுத்தினார். இத்தகைய பொருள்களுக்கு ஆன்டிபயாட்டிக் என்ற பெயரை இன்றைய பொருளில் வழங்கச் செய்தவரும் அவரே.

தேடல் வீண்போகவில்லை. 1940இல் ஆக்டினோமைசின் கிடைத்தது. அது கிருமிகளைக் கொன்றது. ஆனால் சோதனை விலங்குகளையும் கொன்றது. 1942இல் ஸ்ட்ரெப்டோதிரிசின் கிடைத்தது. முதலில் நம்பிக்கை அளித்த அதுவும் சில நாள் கழித்து விலங்குகளின் சிறுநீரகத்தைக் கெடுப்பது தெரிய வந்தது. இவ்விரு பொருள்களிலும் வாக்ஸ்மனுடன் உழைத்தவர் பாய்ட் உட்ரஃப் என்ற மாணவர். மருந்தாகப் பயன்படவில்லை என்றாலும், தேடும் முறை இவற்றால் செம்மைப்பட்டது. அடுத்து வரும் மாணவருக்கு வழி ஆயத்தமாக இருந்தது.

நாற்பது டாலர் மாணவர்

அடுத்து வந்தவர் ஆல்பர்ட் ஷாட்ஸ். 1920ஆம் ஆண்டு கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர். ஏழை உழவர் குடும்பம். தாமும் ஓர் உழவராக வேண்டும் என்பதற்காகவே அவர் ரட்கர்ஸில் மண்ணியல் படித்தார். 1942இல் பட்டம் பெற்றதும் வாக்ஸ்மனிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார்.

அது இரண்டாம் உலகப்போர்க் காலம். சில மாதங்களுக்குள் ஷாட்ஸைப் படைக்கு அழைத்துக்கொண்டார்கள். ஃபுளோரிடாவில் விமானப்படை மருத்துவமனைகளில் கிருமியியல் பணி கொடுத்தார்கள். அங்கே அவர் கண்டது என்ன? பென்சிலின் அப்போதுதான் புழக்கத்துக்கு வரத் தொடங்கியிருந்தது. அது சில கிருமிகளை விரைவாக அழித்தது. வேறு சில கிருமிகள் அதற்கு அசைந்து கொடுக்கவில்லை. அவற்றால் தாக்கப்பட்ட வீரர்கள் மருத்துவர்களின் கண்ணெதிரே இறந்தார்கள்.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள ஒரு சிறு விளக்கம் தேவை. 1884இல் டென்மார்க் நாட்டு மருத்துவர் கிராம் ஒரு சாயமேற்றும் முறையைக் கண்டார். ஊதாச் சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பாக்டீரியாக்கள் கிராம் பாசிட்டிவ் எனப்பட்டன. அதை இழந்துவிடுபவை கிராம் நெகட்டிவ் எனப்பட்டன. சாயத்தில் தெரியும் இந்த வேறுபாடு, பாக்டீரியாவின் வெளிச்சுவர் அமைப்பில் உள்ள வேறுபாடே ஆகும். அன்றைய பென்சிலின் பெரும்பாலும் முதல் வகையை மட்டுமே வென்றது. காசநோய்க் கிருமியோ மெழுகு போன்ற கொழுப்பு மிகுந்த சுவரைக் கொண்டது. அதனிடமும் பென்சிலின் பலிக்கவில்லை. 1882இல் ராபர்ட் காக் அக்கிருமியை இனம் காட்டி அறுபது ஆண்டுகள் ஆகியும், அதைக் கொல்லும் தக்க மருந்து மருத்துவர் கையில் இல்லை.

முதுகுவலி காரணமாக 1943 ஜூனில் ஷாட்ஸ் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். நேரே ரட்கர்ஸுக்குத் திரும்பினார். அவருக்குக் கிடைத்த உதவித்தொகை மாதம் 40 டாலர். வாடகை கொடுக்க வழியில்லாமல், செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டை ஒட்டிய ஒரு சிறு அறையில், சில்லறை வேலைகள் செய்து கொடுத்து வாழ்ந்தார்.

நிலவறையில் ஒரு ஆய்வு

ஷாட்ஸ் எடுத்துக்கொண்ட வேலை இரண்டு. கிராம் நெகட்டிவ் கிருமிகளை அழிக்கும் பொருளைத் தேடுவது ஒன்று. காசநோய்க் கிருமியை அழிக்கும் பொருளைத் தேடுவது மற்றொன்று. இரண்டாவது வேலை ஆபத்தானது. கிருமி காற்றில் பரவி ஆய்வு செய்பவரையே தொற்றக்கூடும். எனவே வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடம் மாடியில் இருக்க, ஷாட்ஸின் ஆய்வு நிலவறையில் நடந்தது.

காசநோயை ஆராயும் எண்ணம் முதலில் யாருக்கு வந்தது? தாமே முன்வந்து கேட்டதாக ஷாட்ஸ் கூறினார். தாமே அவருக்கு அதைப் பணித்ததாக வாக்ஸ்மன் கூறினார். இந்த உரையாடலை எவரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் ஆய்வை எழுதி வைத்திருந்தார்கள்.

முறை எளியது, பொறுமைதான் பெரிது. மண்ணை நீரில் கரைத்து, பலமுறை நீர்த்துப்போகச் செய்து, அகார் கூழ் நிரப்பிய தட்டில் பரப்ப வேண்டும். சில நாளில் தட்டில் புள்ளி புள்ளியாக நுண்ணுயிர்க் கூட்டங்கள் முளைக்கும். அவற்றுள் ஆக்டினோமைசீட்டுகளை இனம் கண்டு தனித்தனியே வளர்க்க வேண்டும். பின்னர் வேறொரு தட்டின் நடுவே ஆக்டினோமைசீட்டை ஒரு கோடாக இழுத்து, அதற்குக் குறுக்கே நோய்க்கிருமிகளைக் கோடுகளாக இழுக்க வேண்டும். நடுக்கோட்டை நெருங்கும் இடத்தில் கிருமி வளராமல் தட்டு தெளிவாக இருந்தால், அங்கே ஏதோ ஒரு பொருள் அதைத் தடுக்கிறது என்று பொருள். நூறு தட்டுகளைப் பார்த்தாலும் பயனுள்ளதாக ஒன்று கிடைக்குமா என்பது ஐயமே. கிடைத்ததும் நஞ்சாக இருந்துவிட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

1943 ஆகஸ்ட் 23 அன்று ஷாட்ஸ் தம் குறிப்பேட்டில் பதினோராவது சோதனையைத் தொடங்கினார். அதில் சாம்பலும் பச்சையும் கலந்த நிறமுடைய இரண்டு வளர்ப்புகள் அவர் கவனத்தைக் கவர்ந்தன. ஒன்று எரு நிறைய இட்ட வயல் மண்ணிலிருந்து வந்தது. மற்றொன்று ஒரு கோழியின் தொண்டையிலிருந்து எடுக்கப்பட்டது. இதை அவருக்குக் கொடுத்தவர் அங்கேயே கோழி நோய்களை ஆராய்ந்த டோரிஸ் ஜோன்ஸ் என்ற மாணவி. இரண்டும் ஒரே இனம். வாக்ஸ்மன் 1916இல் விவரித்த அதே கிரிசியஸ்! இதற்கிடையில் அந்த வகையை ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்று வாக்ஸ்மன் பெயர் மாற்றியிருந்தார்.

குறுக்குக் கோட்டுச் சோதனையில் கிராம் நெகட்டிவ் கிருமிகள் பின்வாங்கின. அக்டோபர் 19 அன்று பிற்பகல் 2 மணியளவில், புதியதோர் ஆன்டிபயாட்டிக் கிடைத்துவிட்டது என்று தமக்கு உறுதிப்பட்டதாக ஷாட்ஸ் பிற்காலத்தில் எழுதினார். அந்த வளர்ப்பு அடங்கிய ஒரு சோதனைக் குழாயின் வாயை நெருப்பில் உருக்கி மூடித் தம் தாயாருக்குக் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 23. வாக்ஸ்மனிடம் திரும்பி வந்து நான்கு மாதம்கூட நிறையவில்லை.

குழாயிலிருந்து நோயாளிக்கு

ஒரு தட்டில் கிருமி மடிந்தால் மட்டும் மருந்து ஆகிவிடாது. விலங்குகளில் பார்க்க வேண்டும்; பிறகு மனிதரில் பார்க்க வேண்டும். மினசோட்டா மாநிலத்து மேயோ மருத்துவமனையில் ஃபெல்ட்மன், ஹின்ஷா என்னும் இருவர் காசநோய்க்கு மருந்து தேடிக்கொண்டிருந்தனர். வாக்ஸ்மனின் பெயரும் தொடர்பும் இங்கேதான் பயன்பட்டன. கினிப்பன்றிகளில் சோதிக்க மருந்து வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள்.

மருந்துத் தொழிற்சாலை அதைச் செய்யத் தொடங்குவதற்கு முன் யார் செய்து கொடுப்பது? ஷாட்ஸ்தான். காய்ச்சி வடிக்கும் கருவிகளை இரவும் பகலும் இயக்கினார். ஆய்வுக்கூடத்திலேயே தரையில் படுத்துக்கொள்வார். கண்ணாடிக் குடுவையில் சிவப்புக் கோடு ஒன்றைப் போட்டு, திரவம் அந்தக் கோட்டுக்கு இறங்கியதும் தம்மை எழுப்பிவிடுமாறு இரவுக் காவலரிடம் சொல்லி வைத்திருந்தார் என்று அவரே எழுதியிருக்கிறார்.

கினிப்பன்றிகள் பிழைத்தன. 1944 நவம்பரில் காசநோய் முற்றிய ஓர் இளம்பெண்ணுக்கு மருந்து கொடுக்கப்பட்டது. அவர் உடல் தேறினார். பின்னர் மணம் புரிந்து தாயாகவும் ஆனார்.

1947இல் இங்கிலாந்தின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு 107 நோயாளிகளை வைத்து ஒரு சோதனை நடத்தியது. யாருக்கு மருந்து, யாருக்கு ஓய்வு மட்டும் என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல், குலுக்கல் போன்ற முறையில் தீர்மானித்தார்கள். புதிய மருந்துகளைச் சோதிக்க உலகம் இன்று பின்பற்றும் முறைக்கு அதுவே முன்மாதிரி. ஆறு மாத முடிவில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தனர். ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர் இறந்தனர். மருந்து வேலை செய்தது. ஆனால் பலரிடம் கிருமி அதற்குப் பழகி எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டதும் தெரிய வந்தது. ஒரே மருந்தைத் தனியே கொடுக்காமல் இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்ற பாடம் அதிலிருந்து பிறந்தது.

கூட்டு மருந்து என்ற இந்தப் பாதையில் நம் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. 1956இல் அங்கே தொடங்கப்பட்ட காசநோய் மருத்துவ ஆய்வு நிலையம், இரண்டு மருந்துகளை வீட்டிலிருந்தபடியே உட்கொள்ளும் நோயாளிகள், சானடோரியத்தில் தங்கிச் சிகிச்சை பெறுவோருக்கு இணையாகக் குணமடைகிறார்கள் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது. அந்த இரு மருந்துகளில் ஸ்ட்ரெப்டோமைசின் இல்லை. ஆனால் காசநோயை மருந்தால் வெல்ல முடியும் என்ற நம்பிக்கையை முதலில் கொடுத்தது அதுதான்.

விரிசல்

இனிக் கதையின் கசப்பான பகுதிக்கு வருவோம்.

ஸ்ட்ரெப்டோமைசினை அறிவித்த முதல் கட்டுரை 1944 ஜனவரியில் வெளியாயிற்று. ஆசிரியர்களாக மூவர் பெயர் இருந்தன: முதலில் ஷாட்ஸ், அடுத்து எலிசபெத் பூகி, மூன்றாவதாக வாக்ஸ்மன். பூகியும் வாக்ஸ்மனின் மாணவியே. காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது வாக்ஸ்மன், ஷாட்ஸ் இருவரும் தாங்கள் சேர்ந்து கண்டுபிடித்ததாக உறுதிமொழி அளித்தனர். பூகியின் பெயர் அதில் இல்லை. உரிமையை இருவரும் ரட்கர்ஸின் அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்தனர். அதற்கு ஈடாக ஆளுக்கு ஒரு டாலர். 1948 செப்டம்பர் 21இல் காப்புரிமை கிடைத்தது.

ஷாட்ஸ் 1945இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1946இல் ரட்கர்ஸை விட்டு வேறு வேலைக்குப் போனார். அவர் போன பிறகு மருந்தின் புகழ் வளர வளர, செய்தித்தாள்களில் ஒரே ஒரு பெயர்தான் தென்பட்டது. வாக்ஸ்மன் மருந்தைக் கண்டுபிடித்தார் என்றே எழுதினார்கள். படம் எடுத்தார்கள், விருந்து வைத்தார்கள். மாணவரின் பெயரை எடுத்துச் சொல்ல ஆசிரியர் முனையவில்லை.

பிறகு மற்றொரு செய்தியும் ஷாட்ஸுக்குத் தெரிந்தது. இருவரும் ஒரு டாலரோடு நின்றுவிட்டதாக அவர் நம்பியிருந்தார். ஆனால் அறக்கட்டளைக்கு வரும் ராயல்டியில் 20 விழுக்காடு தமக்கு வருமாறு வாக்ஸ்மன் தனியே ஓர் ஒப்பந்தம் செய்திருந்தார். அவ்வகையில் அவர் பெற்ற தொகை மூன்று இலட்சம் டாலருக்கும் மேல்.

1950 மார்ச்சில் ஷாட்ஸ் தம் ஆசிரியர் மீதும் அறக்கட்டளை மீதும் வழக்குத் தொடுத்தார். மாணவன் ஆசானை நீதிமன்றத்துக்கு இழுப்பதா என்று கல்வியுலகம் திகைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. ஷாட்ஸும் சட்டப்படியும் அறிவியற்படியும் வாக்ஸ்மனோடு இணைக் கண்டுபிடிப்பாளர் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. ராயல்டியில் 3 விழுக்காடு அவருக்கு. 10 விழுக்காடு வாக்ஸ்மனுக்கு. ஆய்வுக்கூடத்தில் பணி செய்த மற்றவர்களுக்கும் சிறு பங்கு ஒதுக்கப்பட்டது.

வழக்கில் வென்றவர் வாழ்வில் வென்றாரா? இல்லை. வழக்குப் போட்ட மாணவர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. சிறந்த ஆய்வுக்கூடங்களின் கதவுகள் தமக்கு மூடிக்கொண்டதாக அவர் வருந்தினார். 1952இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வாக்ஸ்மன் ஒருவருக்கே அறிவிக்கப்பட்டது. ஒரு பரிசை மூவர் வரை பகிர்ந்துகொள்ள விதி இடம் தருகிறது; இங்கே இருந்ததோ ஒருவர் பெயர் மட்டும். அப்போது ஷாட்ஸ் வேலை பார்த்த சிறிய வேளாண்மைக் கல்லூரி ஸ்டாக்ஹோமுக்கு முறையிட்டது. பயனில்லை. 1954இல் வாக்ஸ்மன் எழுதிய தன்வரலாற்றில் ஷாட்ஸின் பெயரே இல்லை. ஒரு மாணவர் என்ற குறிப்போடு சரி.

எவர் பங்கு எவ்வளவு?

வாக்ஸ்மனைத் தீயவர் என்றும் ஷாட்ஸை ஏமாந்தவர் என்றும் தீர்ப்புச் சொல்லிவிட்டு நகர்வது எளிது. அது முழு உண்மை ஆகாது.

வாக்ஸ்மனின் பக்கத்தை எண்ணிப் பாருங்கள். மண்ணில் மருந்து தேடலாம் என்ற எண்ணம் அந்த ஆய்வுக்கூடத்தில் வேரூன்றியது அவரால். தேடும் முறையைப் பல மாணவர்களைக் கொண்டு வளர்த்தவர் அவர். கிரிசியஸ் இனத்தை ஷாட்ஸ் பிறப்பதற்கு முன்பே விவரித்தவர் அவர். ஷாட்ஸ் வராவிட்டால் வேறொரு மாணவர் அந்த மேசையில் நின்றிருப்பார் என்பது அவருடைய எண்ணம். அந்த மருந்துக்கான தனியுரிமை மெர்க் என்ற ஒரே நிறுவனத்திடம் இருந்தது. அதை 1946இல் அந்நிறுவனம் விட்டுக்கொடுக்குமாறு செய்து, பல நிறுவனங்கள் மருந்தைத் தயாரிக்க வழி திறந்ததிலும் அவர் பங்கு உண்டு. ராயல்டிப் பணத்திலிருந்து ரட்கர்ஸில் ஒரு நுண்ணுயிரியல் நிலையமே எழுந்தது.

ஷாட்ஸின் பக்கத்தையும் பாருங்கள். வேறொருவர் நின்றிருப்பார் என்பது ஊகம். நின்றவர் ஷாட்ஸ் என்பது உண்மை. காசநோய்க் கிருமியோடு நிலவறையில் பழகி உயிரைப் பணயம் வைத்தவர் அவர். எத்தனையோ தட்டுகளுள் இந்தத் தட்டை ஒதுக்கி வைக்க வேண்டும் என்று கண்டதும், அதைத் தொடர்ந்து துரத்தியதும், முதல் சோதனைகளுக்கான மருந்தை வடித்தெடுத்ததும் அவர். இதைச் சொன்னதைச் செய்யும் கையின் வேலை என்று தள்ளிவிட முடியாது.

ஆக, இந்தக் கண்டுபிடிப்புக்கு இரண்டு பங்கும் தேவைப்பட்டன. நெடுங்காலம் பண்படுத்திய நிலமும் வேண்டும். அந்தப் பருவத்தில் இறங்கி உழுதவனும் வேண்டும். இருவருள் எவரைக் கழித்தாலும் கணக்கு நேராகாது. தவறு எங்கே நடந்தது? ஆசிரியர் பெரும்பங்கு கோரியதில் அல்ல. மற்றவர் பங்கைச் சொல்லாமல் விட்டதில். பணத்தைப் பெற்றதில் அல்ல, மறைத்துப் பெற்றதில்.

பூகியையும் டோரிஸ் ஜோன்ஸையும் நாம் மறந்துவிடக் கூடாது. ஷாட்ஸுக்காவது வழக்காட ஒரு காப்புரிமை இருந்தது. கட்டுரையில் இரண்டாவது பெயராக இருந்த பூகிக்கு அதுவும் இல்லை.

இது ஒரே ஓர் ஆய்வுக்கூடத்தோடு முடிந்த கதையுமன்று. 1967இல் கேம்பிரிட்ஜில் ஜோசிலின் பெல் என்ற ஆய்வு மாணவி, தாம் கட்ட உதவிய வானொலித் தொலைநோக்கியின் பதிவுத் தாள்களில் ஒரு விசித்திரமான கீறலைக் கவனித்தார். விடாமல் அதைத் துரத்திச் சென்றார். பல்சார் எனப்படும் துடிப்பு விண்மீன் அப்படித்தான் அகப்பட்டது. 1974இல் அதற்கான நோபல் பரிசு அவருடைய வழிகாட்டி ஆன்டனி ஹியூவிஷுக்குப் போயிற்று. மார்ட்டின் ரைலும் அப்பரிசைப் பகிர்ந்துகொண்டார். பெல் வழக்காடவில்லை, தம் பணியைத் தொடர்ந்தார். 2018இல் தமக்கு வேறொரு பரிசாகக் கிடைத்த 30 இலட்சம் டாலரை, வாய்ப்புக் குறைந்த பிரிவினரிலிருந்து இயற்பியல் ஆய்வுக்கு வரும் மாணவர்களுக்காகக் கொடுத்துவிட்டார்.

உங்களுக்கு இதில் என்ன?

ஆய்வு மாணவராகிய உங்களுக்கு நோபல் பரிசு பற்றிய கவலை இப்போது வேண்டாம். ஆனால் உழைப்பின் பங்கு பற்றிய கேள்வி சிறிய ஆய்விலும் எழும். அதை எப்படிச் சந்திப்பது?

முதலாவது, குறிப்பேடு. நாள்தோறும் தேதியிட்டு, செய்ததையும் கண்டதையும் எழுதுங்கள். பயன் தராத சோதனையையும் எழுதுங்கள். யாரிடமிருந்து எந்தப் பொருளைப் பெற்றீர்கள் என்பதையும் குறியுங்கள். நினைவு காலப்போக்கில் நமக்குச் சாதகமாகவே வளையும். இருவர் ஒரே உரையாடலை வெவ்வேறாக நினைவுகூர்ந்ததை மேலே பார்த்தோம். அங்கே மை காய்ந்த தாள் பேசியது போல் எவர் நாவும் பேசவில்லை.

இரண்டாவது, தொடக்கத்திலேயே பேசிவிடுவது. கட்டுரை வெளிவந்தால் யார் யார் பெயர், எந்த வரிசையில் என்று வழிகாட்டியிடம் பணிவாகக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. முடிவு கிடைத்தபின் கேட்டால் அது சண்டை. முடிவு கிடைக்கும் முன் கேட்டால் அது முறை. இன்று பல அறிவியல் இதழ்கள், கட்டுரையில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் எந்தப் பணியைச் செய்தார் என்று தனியே எழுதித் தருமாறு கேட்கின்றன.

மூன்றாவது, கையொப்பம். எந்தத் தாளானாலும் படித்துப் பொருள் விளங்கிய பின்னரே கையெழுத்திடுங்கள். விளங்காவிட்டால் கேளுங்கள். ஆசிரியர் மீது வைத்த அன்பினால் படிக்காமல் கையெழுத்திட்டால், அந்த அன்புக்கே பின்னாளில் கேடு வரும்.

நான்காவது, உங்களுக்குக் கீழே இருப்பவர்கள். தட்டு கொடுத்த தோழி, கருவி பழுது பார்த்த உதவியாளர், சிவப்புக் கோட்டைக் கவனித்து எழுப்பிய காவலர் ஆகிய எல்லோருக்கும் உங்கள் ஆய்வேட்டின் நன்றியுரையில் இடம் உண்டு. உங்கள் பங்கை ஆசிரியர் மறக்கக் கூடாது என்று எண்ணும் நீங்கள், அவர்கள் பங்கை மறக்கலாமா? நாளை நீங்களே வழிகாட்டியாக அமரும்போது இந்தப் பழக்கமே உங்களைக் காக்கும்.

வாக்ஸ்மன் 1973இல் காலமானார். 1980களின் இறுதியில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் மில்டன் வெயின்ரைட் பழைய ஆவணங்களைப் புரட்டி ஷாட்ஸின் பங்கை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். 1994இல், கண்டுபிடிப்பு வெளியாகி ஐம்பது ஆண்டுகள் கழித்து, ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் தன் உயரிய பதக்கத்தை ஷாட்ஸுக்கு அளித்துச் சிறப்பித்தது. அவர் 2005இல் மறைந்தார்.

அவருடைய ஆய்வுக் குறிப்பேடு ரட்கர்ஸின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1943 ஆகஸ்ட் 23 என்ற தேதியும் பதினோராவது சோதனை என்ற தலைப்பும் அவர் கையெழுத்திலேயே இருக்கின்றன. பத்திரிகைகள் எழுதாததை, தன்வரலாறு சொல்லாததை, அந்த ஒரு பக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறது. நாளைக் காலை ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததும், வேறு எதையும் தொடுவதற்கு முன் உங்கள் குறிப்பேட்டைத் திறந்து தேதியை எழுதுங்கள்.